அப்பா தூங்கும் வீட்டில் ஒரு கீபோர்டு!

ஓசூரில் காலை ஒன்பது மணிக்குத் தூங்கப் போகிறவர்கள் ஏராளம். சிப்காட் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையில் நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள். அவர்கள் வந்து படுத்த பிறகு அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, டி.வி போடமாட்டார்கள். கீரை விற்கிற அம்மாகூட அந்த வாசல் வரும்போது குரலைக் குறைத்துக்கொள்வார். 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்ததிலிருந்து இந்த ஊருக்குப் பழகிப்போன ஒழுங்கு இது. பகல் தூக்கம் இங்கே சோம்பேறித்தனம் இல்லை; அடுத்த ஷிப்டுக்கான முதலீடு.

அப்படி ஒரு வீட்டில்தான் இந்தக் கீபோர்டு பஞ்சாயத்து நடந்தது.

பெண்ணுக்கு 26 வயது. அப்பா ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் 27 வருடமாக வேலை பார்க்கிறார். மூன்று வாரத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட். வாடகை வீடு, முன்னறையில் அவளுடைய மேஜை, உள்ளறையில் அப்பாவின் கட்டில், நடுவில் கதவுக்குப் பதில் ஒரு திரை. பவர் பிரஸ்ஸில் நிற்கிறவருக்குத் தூக்கம் என்பது உடம்பு சுகத்தோடு நின்றுவிடுவதில்லை. கண் சொருகினால் விரல் போகும். கூட வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி நடந்ததை அப்பா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. ஆனால், பகலில் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நுனிக்காலில்தான் நடப்பார்கள்.

33-ஆ, 29-ஆ?

அவள் பி.காம் படித்தவள். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஐந்து சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். லேத், சி.என்.சி, பிரஸ் வைத்துப் பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற யூனிட்டுகள். தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். அவன் ஃபீஸ் இவள் வருமானத்திலிருந்துதான் போகிறது. அப்பா ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

எல்லையில் இருக்கிற ஊரில் கணக்கு எழுதுவதற்கென்று தனிக் கவனம் வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கிற சிப்காட் கம்பெனிக்குப் பில் போட்டால், வாங்குபவரின் ஜி.எஸ்.டி எண் 33 என்று ஆரம்பிக்கும். அது தமிழ்நாடு. வரி சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டி என்று இரண்டாகப் பிரியும். அதே சரக்கு அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்குப் போனால் எண் 29 என்று ஆரம்பிக்கும். அது கர்நாடகா, ஐ.ஜி.எஸ்.டி போட வேண்டும். 15 இலக்க எண்ணில் ஒன்று தப்பினாலும் வாங்கியவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. அடுத்த நாளே யூனிட் ஓனருக்கு போன் வரும். அவர் இவளுக்குப் போன் செய்வார். 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி. மாதத்தின் முதல் 20 நாள் இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் ஓடும்.

எல்லாமே டேலியில்தான். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் இந்த மென்பொருள், இந்தியாவில் சின்ன வியாபாரிகளின் கணக்குப் புத்தகமாகவே ஆகிவிட்டது. டேலியில் வேகமாக வேலை செய்கிறவர்கள் மவுஸைத் தொடுவதில்லை. கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கிற எஃப் கீகள்தான் அவர்களுக்குக் கை கால். பேமென்ட் என்றால் எஃப்5, ரசீது எஃப்6, ஜர்னல் எஃப்7, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9, தேதி மாற்ற எஃப்2. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கதையே இங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

தோள்பட்டை கொடுத்த எச்சரிக்கை

போன வருடம் ஆடி மாதத்தில் வலது தோளில் வலி ஆரம்பித்தது. முதலில் மழைக்குளிர் என்று நினைத்தாள். ஓசூர் குளிருக்கு அப்படி ஒரு பெயர் உண்டு, எந்த வலியையும் அதன் மேல் போட்டுவிடலாம். தைலம் கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு கேள்விதான் கேட்டார். "மவுஸ் எங்கம்மா இருக்கு?"

மவுஸ் தூரத்தில் இருந்தது. லேப்டாப் கீபோர்டில் எண் அடிப்பது சிரமம் என்று, 104 கீ உள்ள பெரிய கீபோர்டு ஒன்றை மாட்டியிருந்தாள். அதன் அகலம் சுமார் 44 செ.மீ. வலது ஓரத்தில் எண் பலகை. அதையும் தாண்டி மவுஸ். நாள் முழுக்க வலது கை உடம்பை விட்டு விலகியே இருந்திருக்கிறது. "எண் பலகை இல்லாத சின்ன கீபோர்டா பாருங்க. மவுஸ் உடம்புக்குப் பக்கத்துல வரணும்" என்றார் அவர்.

சின்னதாக வேண்டும் என்பது இப்படி முடிவானது. ஒயர் இல்லாமல் வேண்டும் என்பதற்குக் காரணம் அவளுடைய ஸ்கூட்டி. வாரத்தில் இரண்டு நாள் யூனிட்டுகளுக்கே போய் வேலை பார்க்கிறாள். பையில் போட்டு எடுத்துப் போகவும், லேப்டாப், போன் என்று மாற்றி மாற்றி இணைக்கவும் புளூடூத் தோதாக இருக்கும்.

மெக்கானிக்கல் ஆசை மட்டும் எப்படி வந்தது? ஒரு யூனிட்டில் டி.வி.எஸ் கோல்டு கீபோர்டு இருக்கிறது. பில் கவுன்ட்டர்களிலும் ஆபீஸ்களிலும் நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒவ்வொரு எழுத்துக்கும் டிக்கு டிக்கு என்று டைப்ரைட்டர் மாதிரி சத்தம் போடும். அதில் அடிக்கும்போது மட்டும் இலக்கங்கள் விட்டுப்போவதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். விரலுக்கு 'விழுந்தது' என்று தெரிந்துவிடுகிறது. ஆனால், அதன் சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிற மனிதருக்கு ஆகாது. அளவும் பெரியது, ஒயரும் உண்டு.

சிவப்பு, பழுப்பு, நீலம்

ஐந்நூறு ரூபாய் கீபோர்டுக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன வித்தியாசம்? சாதாரணக் கீபோர்டில் எல்லாக் கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. கீயை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாளாக ஆக ரப்பர் தொய்ந்துபோகும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனியாக ஒரு சுவிட்ச், உள்ளே ஒரு ஸ்பிரிங். வழக்கமான சுவிட்சில் மொத்தம் 4 மி.மீ இறங்கலாம். 2 மி.மீ இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த எம்.எக்ஸ் சுவிட்சுதான் இன்றைய சுவிட்சுகளுக்கு மூத்தது. கேட்டரான் போன்ற சீன நிறுவனங்களும் அதே வடிவத்தில் செய்கின்றன. நிறத்தை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாம். நீலம் என்றால் டிக் சத்தம் உண்டு. சிவப்பு என்றால் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், மிக லேசானது. பழுப்பு நடுவாந்திரம், பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும், டிக் சத்தம் இருக்காது.

நீலத்தை அவள் முதல் நாளே தள்ளிவிட்டாள். சிவப்பா பழுப்பா என்பதில் கொஞ்சம் யோசனை. சத்தமில்லை என்று சிவப்பைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஆனால், சிவப்பின் மேல் விரல் சும்மா தங்கினாலே எழுத்து விழுந்துவிடுகிற ஆபத்து உண்டு. கதை எழுதுகிறவருக்கு அது ஒரு எழுத்துப்பிழை. கணக்கு எழுதுகிறவருக்கு அது பத்து மடங்கு பணம். பழுப்பு என்று முடிவு செய்தாள்.

84-ஆ, 68-ஆ?

வடிகட்டி வடிகட்டி இரண்டு பெயர்கள் மிஞ்சின. இரண்டும் கீக்ரான் நிறுவனத்துடையவை. ஒன்று கே2, இன்னொன்று கே6. கடைப்பேச்சில் முன்னது '75 சதவீதம்', பின்னது '65 சதவீதம்'. அதாவது, முழு அளவு கீபோர்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஒரு குத்துமதிப்பு.

காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 4,000 எம்.ஏ.எச் பேட்டரி, புளூடூத் 5.1, மூன்று கருவிகள் வரை இணைத்து வைத்துக்கொள்ளும் வசதி, வேண்டுமானால் டைப்-சி ஒயரிலும் ஓட்டலாம். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் மாற்ற ஓரத்தில் ஒரு சுவிட்ச். இரண்டிலும் பழுப்பு கிடைக்கிறது. சுவிட்சுகளைப் பின்னால் நாமே பிடுங்கி மாற்றிக்கொள்கிற 'ஹாட்-ஸ்வாப்' வகையும் இரண்டிலும் உண்டு. எட்டாயிரம் ரூபாய்க்குள் என்று அவள் வைத்திருந்த கணக்கில் இரண்டுமே அடங்கின.

வித்தியாசம் ஒன்றுதான். கே2-வில் 84 கீ, கே6-ல் 68. கே6-ல் மேலே இருக்கிற எஃப் வரிசை முழுவதும் இல்லை. எஃப்5 வேண்டுமானால் எஃப்.என் கீயைப் பிடித்துக்கொண்டு எண் 5-ஐத் தட்ட வேண்டும்.

பார்க்க கே6-தான் அழகு. கச்சிதமான நீள் சதுரம், மேஜையில் வைத்தால் ஒரு பென்சில் பாக்ஸ் மாதிரி இருக்கும். படங்களில் பூச்செடிக்கும் காபிக் கோப்பைக்கும் நடுவில் அதைத்தான் வைக்கிறார்கள். 'எஃப் கீ யாருங்க யூஸ் பண்றா?' என்று கேட்கிற விமர்சன வீடியோக்களை அவள் வரிசையாகப் பார்த்தாள். தம்பியின் ஓட்டு கே6-க்கு. "அக்கா, பையில ஈஸியா போகும். கே2 கட்டை மாதிரி இருக்கு."

ஒரு நாள் ராத்திரி அவள் ஸ்கேலை எடுத்து மேஜையில் சாக்பீஸால் இரண்டின் அளவையும் வரைந்து பார்த்தாள். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. இரண்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 31 செ.மீ. இடம் மிச்சமாவது ஆழத்தில்தான், அதுவும் இரண்டரை செ.மீ அளவுக்கு. அதாவது, 68 கீ வாங்கினாலும் மவுஸ் அதே இடத்தில்தான் இருக்கும். தோள்பட்டைக்குக் கிடைக்க வேண்டிய லாபம் இரண்டிலும் ஒன்றே. மற்றபடி அந்த 16 கீகளை விட்டுக்கொடுப்பதால் மிச்சமாவது மேஜையில் இரண்டு விரல் இடம்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை

தொட்டுப் பார்க்காமல் வாங்க மனசு வரவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனாள். டவுன் ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் பக்கத்தில், கம்ப்யூட்டர் சாமானுக்குப் பேர்போன சந்து அது. ஒரு கடையில் தமிழ், அடுத்த கடையில் கன்னடம், அதற்கடுத்ததில் இந்தி. ஓசூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. தெலுங்கும் சேர்த்து நாலும் வீட்டு வாசலிலேயே கேட்கிற ஊர்.

கடைக்காரர் கே6-ஐ முதலில் எடுத்து வைத்தார். "இது ஃபாஸ்ட் மூவிங் மேடம். ஐ.டி பசங்க எல்லாம் இதுதான் எடுக்கறாங்க."

அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கே2-வையும் அடித்துப் பார்த்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சத்தம் கேட்கலாம் என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், வெளியே ஆட்டோ ஹாரன். பகல் 12 மணிக்கு எஸ்.பி. ரோட்டில் எந்தக் கீபோர்டும் சத்தமில்லாததுதான். ஒரு விஷயம் மட்டும் கைக்குத் தெரிந்தது. இரண்டுமே முன்பக்கம் உயரம் அதிகம். மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. கீழே ஏதாவது முட்டுக்கொடுக்காமல் நாள் முழுக்க அடிக்க முடியாது.

"நீங்க என்ன வேலை மேடம் பண்றீங்க?" கடைக்காரர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"டேலி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கே6-ஐ எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவள் அன்றைக்கு எதையும் வாங்கவில்லை. எட்டாயிரம் ரூபாய் என்பது தம்பியின் ஃபீஸில் பாதி. ஒரு கடைக்காரரின் மௌனத்தை நம்பி அதைக் கொடுத்துவிட முடியாது.

காசு செலவில்லாத பரீட்சை

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கே6-ஐ வாங்காமலே கே6-ஓடு ஒரு வாரம் வாழ்ந்து பார்க்க முடியும். பல லேப்டாப்களில் மேல் வரிசையை இரண்டு விதமாக வைக்கலாம். எஃப் கீ நேரடியாக வேலை செய்யும்படி வைக்கலாம். அல்லது சத்தம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற கீயாக விட்டுவிட்டு, எஃப்.என்-னோடு சேர்த்தால் மட்டும் எஃப் கீயாகும்படி வைக்கலாம். அவள் இரண்டாவது முறைக்கு மாற்றினாள். பெரிய கீபோர்டைக் கழற்றி அலமாரி மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பழைய நோட்டு. எஃப்.என் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு.

முதல் நாள் மதியத்துக்குள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மூன்றாவது நாளிலிருந்து கோடு போடுவதையே விட்டுவிட்டாள். டெபிட் நோட் போட ஆல்ட்டும் எஃப்5-ம் சேர வேண்டும். எஃப்.என்-னும் கூடச் சேர்ந்தால் மூன்று கீ, மூன்று விரல். வலிக்கிற தோளுக்கு வைத்தியம் தேடப்போய் விரலுக்கு யோகாசனம் சொல்லிக்கொடுத்த கதை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அவளுக்குப் புலப்பட்டது. லேப்டாப்பில் எஃப்.என் சரியாக அழுந்தாவிட்டால் சத்தம் கூடும், குறையும், அவ்வளவுதான். கே6-ல் அப்படி இல்லை. அங்கே எஃப்5-ம் எண் 5-ம் ஒரே கீ. எஃப்.என் நழுவினால் எண் 5 போய் உட்கார்ந்துவிடும். கர்சர் தொகைக் கட்டத்தில் இருந்தால் 12,500 என்பது 1,25,005 ஆகிவிடும். பார்த்தால் திருத்தலாம். 19-ம் தேதி ராத்திரி 11 மணிக்கு, நூற்றுப் பதினைந்தாவது பில்லில், பார்ப்போமா?

அம்மாவின் இன்ஸ்டிட்யூட்

இந்தப் பஞ்சாயத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் கிருஷ்ணகிரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர். கோத்ரெஜ் மெஷினில் 'ஏ எஸ் டி எஃப்' என்று ஆரம்பித்து, இங்கிலீஷ் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவர். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கல்யாணத்துக்குப் பிறகு டைப் அடிக்க வாய்ப்பே வரவில்லை. சர்ட்டிஃபிகேட் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

மகள் மூன்று விரலை விரித்து அவஸ்தைப்படுவதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார். "எங்க சார் சொல்வாரு, ஒரு கீக்கு ஒரு விரல்தான், ஒரு விரலுக்கு ஒரு வீடுதான்னு. வீட்டை மாத்திக்கிட்டே இருந்தா விரல் குழம்பும். எது எங்கே இருக்குன்னு கண்ணு தேடக் கூடாது கண்ணு, கைக்கே தெரியணும்."

சொல்லிவிட்டு லேப்டாப்பில் கையை வைத்துப் பார்த்தார். எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் இருக்கிற சின்னக் கோட்டை இரண்டு சுட்டுவிரலும் தாமாகத் தேடிப்போய் உட்கார்ந்தன. முப்பது வருட இடைவெளி ஒன்றும் செய்யவில்லை.

தமிழுக்கும் இது பொருந்தும். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் 'ச' இருப்பது ஆங்கிலத்தின் 'பி'-க்குப் பக்கத்தில் உள்ள அடைப்புக்குறிக் கீயில். 'ந' அரைப்புள்ளிக் கீயில். கே2, கே6 இரண்டிலும் இந்தக் கீகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கீயின் மேல் தமிழ் எழுத்து அச்சடித்திருக்காது. விரல் பழகியவருக்கு அது தேவையும் இல்லை. இன்னும் சின்ன கீபோர்டுகளைப் பார்க்கிறவர்கள் இந்தக் கீகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்பா சொன்ன காரணம்

எஃப் வரிசை வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. ஆனாலும், ஒரு தயக்கம் மிச்சம் இருந்தது. பழுப்பாக இருந்தாலும் மெக்கானிக்கல் மெக்கானிக்கல்தான். கீ அடியில் போய் முட்டுகிற சத்தம் ரப்பர் கீபோர்டைவிட அதிகமாகத்தான் கேட்கும். தோளுக்காக வாங்கப்போய் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தால் என்ன செய்வது? நைட் ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது அவரிடமே கேட்டுவிட்டாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "சத்தம் எனக்குப் பிரச்னையே இல்ல பாப்பா. பிரஸ் ஷாப்புல இருக்கிறவனுக்கு ஒரே மாதிரி டக்கு டக்குன்னு வர்ற சத்தத்துல தூக்கம் கலையாது. நீ நடுநடுவுல நிறுத்திட்டு 'ஐயோ'ன்னு சொல்றியே, அதுலதான் முழிச்சுக்கறேன்."

"நான் ஐயோன்னு சொல்றேனா?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்ற. தப்பா அடிச்சுட்டியா, கை வலிக்குதான்னு தெரியாது. எழுந்து வந்து கேட்டா, ஏம்ப்பா தூங்கலைன்னு கேப்ப. அதனால கண்ணை மூடிட்டு அப்படியே படுத்திருப்பேன்."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தம்பி ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

எத்தனை டெசிபல், எத்தனை கிராம் அழுத்தம் என்று இத்தனை நாள் அவள் தேடிக்கொண்டிருந்த கணக்கில் இந்த 'ஐயோ' எங்கேயும் இல்லை. எந்த விமர்சன வீடியோவிலும் அது வராது. அவள் சரியாக அடித்தால் அவர் தூங்குவார். அவளுக்கு வலிக்காமல் இருந்தால் அவர் தூங்குவார். அன்று சாயங்காலமே கே2 பழுப்புக்கு ஆர்டர் போட்டாள்.

வந்த பிறகு

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க நினைக்கிறவர்களுக்கு, அவள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

முதல் நாள் எஃப்5 அழுத்தினால் டேலி அசையவில்லை. மேல் வரிசை மல்டிமீடியா கீகளாக இருந்தது. எஃப்.என், எக்ஸ், எல் மூன்றையும் சேர்த்து நாலு நொடி பிடித்தால் மாறிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

முன்பக்க உயரத்துக்கு, தெருக்கோடி ஆசாரியிடம் சொல்லி ஒரு துண்டுப் பலகையை இழைத்து வாங்கிக்கொண்டாள். அதன் மேல் மடித்த துண்டு. கீபோர்டுக்கு அடியில் பழைய ஜமக்காளத்தில் வெட்டிய ஒரு விரிப்பு. பாதிச் சத்தம் கீபோர்டிலிருந்து வருவதில்லை, மேஜைப் பலகை அதிர்வதால் வருகிறது என்பது விரிப்பைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அடிவரை ஓங்கிக் குத்தாமல், பழுப்பின் மேடு தட்டுப்பட்டதும் விரலை எடுக்கப் பழகினால் இன்னும் குறைகிறது. இதற்கு இரண்டு வாரம் ஆனது.

எண் பலகை இல்லாத குறைக்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி எண் பலகை வாங்கினாள். அதை வைத்தது இடது பக்கம். இடது கை எண் அடிக்கும், வலது கை மவுஸுக்கு. முதல் பத்து நாள் இடது கை எல்.கே.ஜி பிள்ளை மாதிரி தடுமாறியது. ஜி.எஸ்.டி எண்களை மட்டும் அந்த நாட்களில் மேல் வரிசையில் பார்த்துப் பார்த்து அடித்தாள். இப்போது இடது கையும் பாஸ்.

யூனிட்டுகளில் இருக்கிற பழைய டெஸ்க்டாப்களில் புளூடூத் கிடையாது. அங்கே ஒயர்தான். பையில் டைப்-சி ஒயர் எப்போதும் இருக்கும். வீட்டிலும் 10, 11, 19, 20 தேதிகளில் ஒயர் போட்டுவிடுவாள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் புளூடூத் கீபோர்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். எழுப்ப ஒரு தட்டு தட்ட வேண்டும். கடைசி நாளில் அந்த ஒரு தட்டுக்குக்கூடப் பொறுமை இருக்காது.

கே6 மோசமான கீபோர்டா என்றால், இல்லவே இல்லை. தம்பியின் நண்பன் ஒருவன் வைத்திருக்கிறான். பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கிறான், அவனுக்கு எஃப் வரிசையின் நினைப்பே வருவதில்லை. ஹாஸ்டல் மேஜையில் கீபோர்டுக்கு முன்னால் புத்தகம் விரிக்க அந்த இரண்டு விரல் இடம் அவனுக்குப் பெரிய சொத்து. சின்ன கீபோர்டு எடுப்பவர்கள் எதை எடுக்கிறோம் என்று பார்ப்பதைவிட, எதை விடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாள், பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு, எந்தக் கீயை எத்தனை முறை தொடுகிறோம் என்று கோடு போட்டுப் பார்த்தால் போதும். நட்சத்திர ரேட்டிங் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

தோள்வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தைலப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆனால், மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் அதிகம். அம்மா சாயங்காலத்தில் அரை மணி நேரம் அந்தக் கீபோர்டை எடுத்துக்கொள்கிறார். யூனிட் ஓனர்கள் பேங்குக்குக் கொடுக்கிற கடிதங்களை அவர்தான் இப்போது அடித்துக் கொடுக்கிறார். போன மாதம் சூளகிரி பக்கமிருந்து ஆறாவதாக ஒரு யூனிட் கணக்குக்கு வந்திருக்கிறது. "ரெண்டு பேர் இருக்கீங்கன்னு சொன்னாங்களே மேடம்?" என்று அந்த ஓனர் கேட்டபோது, அவள் யோசிக்காமல் "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டாள்.